சுடுதண்ணி ஆபீசு

லூர்துமேரி உயிரோடு இருப்பதுதான் சிக்கலே என்று பேராசிரியர் விருத்தாசலம் சொன்னபோது, லூர்துமேரி அவருக்குத்தான் சுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் ஞாபகமாக இனிப்புப் போடாமல் கொண்டுபோய் வைத்தாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "நன்றாகத்தான் இருக்கிறாள்" என்று வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டார்.

இது நடந்தது திண்டிவனத்தில், கிளியனூர் போகும் சாலையில், ஒரு காலத்தில் கல்யாண மண்டபமாக இருந்த கட்டடத்தில். இப்போது அதற்கு 'குறை ஆற்றல் அணுக்கரு வினை ஆய்வு மற்றும் வணிகமாக்கல் வாரியம்' என்று பெயர். ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்தப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடுவதால், "சுடுதண்ணி ஆபீசு, சுடுதண்ணி ஆபீசு" என்று கூவித்தான் ஆள் ஏற்றினார்கள். அந்தப் பெயரில் பிழை சொல்ல முடியாது. பந்தி நடந்த கூடத்தில் ஓர் எவர்சில்வர் டிரம் இருந்தது. டிரம்முக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் விலை உயர்ந்த ஏதோ உலோகக் கம்பி, கம்பிக்கு மின்சாரம். தண்ணீர் சூடாகும். உள்ளே போகிற மின்சாரத்தைவிட வெளியே வருகிற சூடு கொஞ்சம் அதிகம், அந்த அதிகப்படி அணுவின் வயிற்றுக்குள்ளிருந்து வருகிறது என்பது வாரியத்தின் இயக்குநர் டாக்டர் தேவநாதனின் வாதம். அதிகப்படியும் இல்லை, அணுவும் இல்லை, தெர்மாமீட்டரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கவில்லை என்பது பேராசிரியர் விருத்தாசலத்தின் வாதம். அறிவியலில் மறுப்புக்கும் இடம் வேண்டும் என்று வாரியமே அவரைச் சம்பளம் கொடுத்து நியமித்திருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு அறை, ஒரே நிறத்தில் கார்.

லூர்துமேரிக்கு இந்த வழக்கில் எந்தப் பக்கமும் இல்லை. கிளியனூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊர்க்காரி. ஊரார் நிலத்தில் நாற்று நட்டு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கி, ஒரே பெண்ணை விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணையில் கட்டிக்கொடுத்தவள். புருஷன் போன பிறகு முட்டி வலி வந்துவிட்டது. குனிய முடியவில்லை. பெருக்கித் துடைத்து டீ போடுகிற வேலை என்று யாரோ சொல்ல, வந்து சேர்ந்தாள். காலையில் பஸ் ஏறி வருவாள், சாயந்திரம் பஸ் ஏறிப் போவாள். அந்த நாள் வரும்வரை.

அந்த நாளில் சென்னையிலிருந்து முதலீட்டாளர்கள் வந்திருந்தார்கள். மணமேடையில் மைக் வைத்து தேவநாதன் பேசினார்.

"சூரியனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது பழைய தொழில்நுட்பம். இரவில் வேலை செய்வதில்லை. கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் சூரியன் திணறிச் செய்கிற காரியத்தை, நம்முடைய டிரம் குளிக்கிற சூட்டில் செய்கிறது. அடுத்த ஆண்டு இது ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துவிடும். பொறுப்போடு சொல்கிறேன். சென்ற ஆண்டும் இதே பொறுப்போடுதான் அடுத்த ஆண்டு என்று சொன்னேன். அதற்கு முந்தைய ஆண்டும் அப்படியே. எங்கள் நிலைப்பாட்டில் ஒரு நாளும் மாற்றம் வந்ததில்லை!"

கைதட்டல் அடங்கியதும் விருத்தாசலம் மைக்கை வாங்கினார்.

"அணுக்கருக்கள் சேர்ந்தால் நியூட்ரான் என்று ஒன்று பாய்ந்து வர வேண்டும். டாக்டர் சொல்லும் சூடு நிஜம் என்றால், இந்த டிரம்முக்குப் பக்கத்தில் தினமும் நிற்கிற மனிதர் இதற்குள் செத்திருக்க வேண்டும். நான் கேட்கிறேன், பக்கத்தில் நிற்கிறவர் யார்?"

எல்லோரும் திரும்பினார்கள். டிரம்முக்குப் பக்கத்தில் லூர்துமேரி ஈரத்துணியோடு நின்றிருந்தாள்.

"தினமும் இதைத் துடைக்கிறாயா?" என்று கேட்டார் விருத்தாசலம்.

"தெனமும் தொடைக்கிறேன் சார். தூசி அடையுதுல்ல."

"உடம்புக்கு ஏதாவது?"

"முட்டி வலிதான் சார். அது மல்லாட்டை புடுங்குன காலத்துலேர்ந்தே இருக்குது."

"பார்த்தீர்களா!" என்று தேவநாதன் கூவினார். "அணுவினை நடக்கிறது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உலகிலேயே பாதுகாப்பான அணுசக்தி!"

"பார்த்தீர்களா!" என்று விருத்தாசலமும் கூவினார். "ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே அணுவினையே நடக்கவில்லை!"

வாரியம் தொடங்கிய நாளிலிருந்து இருவரும் ஒரே தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டது அன்றைக்குத்தான். லூர்துமேரி வாரியத்தின் உயிருள்ள சான்று. அவள் வெளியே போய் வேறு தண்ணீரைக் குடித்து, வேறு காற்றைச் சுவாசித்தால் சான்று கலப்படமாகிவிடும். ஆகவே ஒத்த கருத்து ஏற்படும்வரை அவள் வளாகத்தை விட்டுப் போகக்கூடாது. மணமகள் அறையை அவளுக்கு ஒதுக்கினார்கள். ஆளுயரக் கண்ணாடியும் ரோஜா நிறச் சுவரும் உள்ள அந்த அறையில் காலையிலும் மாலையிலும் அவளுக்கு எடை, சூடு, நாடி பார்க்கப்பட்டன. அறையிலிருந்த பிளக் பாயின்டைக்கூட மின்காந்தக் குறுக்கீடு என்று பிடுங்கிவிட்டார்கள்.

முதல் நாள் சாயந்திரம் அவள் வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். காவலாளி அப்பாதுரை கேட்டைத் திறக்கவில்லை. பக்கத்தில் பிரம்மதேசம் என்ற ஊர்க்காரன், நல்லவன். அவள் கையால் டீ குடிக்காமல் அவனுக்குப் பொழுது போகாது.

"அக்கா, கோச்சுக்காதீங்க. உங்கள உட்டா என் வேலை பூடும்."

"இன்னா அப்பாதுரை, பஸ்ஸு போயிடப் போவுது. ஜல்தி தெற."

"உள்ள வர்றதுக்கு ரூல் இருக்குது அக்கா. வெளிய போறதுக்கு ரூல் எழுதணும்னு ஒரு கமிட்டி போட்டிருக்காங்க. அந்தக் கமிட்டி இன்னும் கூடலையாம்."

"எப்பக் கூடுமாம்?"

"அதுக்கும் ரெண்டு சாரும் ஒத்துக்கணுமாம்."

லூர்துமேரி கேட்டைத் தானே தள்ளிப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது.

பெண் ரோஜா நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம். "நீ பக்கத்துல இருந்தாத்தாம்மா எனக்குத் தைரியம்" என்று தினமும் போன் செய்தாள். "வந்துடறேன்டி, ரெண்டு சாரும் பேசிக்கினு இருக்காங்க" என்பாள். மாமியார் இல்லாத வீடு. மருமகன் அலெக்ஸ் கரும்பு லாரி ஓட்டுகிறவன். கிடைக்கிற நேரத்தில் விழுப்புரம் போய், ஒரு அரசு அலுவலகத்தின் படியேறி முறையிட்டான். போனில் அவன் சொன்னதைக் கேட்டு லூர்துமேரிக்குத் தலை சுற்றியது.

"அத்த, அது அணு சமாச்சாரம்னா டில்லிக்காரங்க பாக்கணுமாம், இவங்க தலையிட முடியாதாம். அணு இல்ல, வெறும் ஹீட்டர்தான்னா உடனே உங்கள வெளிய கொண்டாந்துடுவாங்களாம்."

"அப்ப ஹீட்டருதான்னு சொல்லேன்டா!"

"சொன்னேன் அத்த. ஹீட்டருதான்னு சர்ட்டிபிகேட் வாங்கியான்னு சொல்றாங்க."

"யாருகிட்ட?"

"சுடுதண்ணி ஆபீசுலதான்."

மணமகள் அறைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்த லூர்துமேரிக்கு ஒரு யோசனை பிறந்தது. நான் நன்றாக இருப்பதுதானே இவர்களுக்குச் சிக்கல்? உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பித்தானே ஆக வேண்டும்? மறுநாள் காலை தெர்மாமீட்டரோடு வந்தவர்களுக்கு எதிரே சுவரைப் பிடித்துக்கொண்டு, "தலை சுத்துது, கொமட்டுது" என்று சரிந்து உட்கார்ந்தாள்.

தேவநாதன் ஓடிவந்தார். கண்களில் நீர் தளும்பியது. அவள் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"வாழ்த்துகள் அம்மா!" என்றார். "வாழ்த்துகள்! கதிர்வீச்சு!"

மத்தியானத்துக்குள் பொன்னாடை வந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். இதுவரை பாதுகாப்பானது என்று சொன்னீர்களே என்று அவர்களில் ஒருவர் கேட்டதற்கு தேவநாதன் நிதானமாகப் பதில் சொன்னார். "பாதிப்பு இருக்கிறது என்றால் அணு இருக்கிறது என்று அர்த்தம். முதலில் அணுவை நிரூபிப்போம். பாதுகாப்பை அடுத்த மாடலில் சேர்த்துக்கொள்ளலாம்."

"ஆஸ்பத்திரி..." என்றாள் லூர்துமேரி.

"ஆஸ்பத்திரியா? அங்கே போனால் சரியாகிவிடுமே!" என்று அவர் பதறிப்போனார்.

விருத்தாசலம் நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார். "ஒரு தடவை நடந்தது அறிவியல் ஆகாதம்மா. எங்கே, இன்னொரு தடவை தலை சுற்றிக் காட்டுங்கள்" என்றார். அவள் காட்டினாள். "முன்னே இடது பக்கம் சாய்ந்தீர்கள், இப்போது வலது பக்கம். முடிவுகள் பொருந்தவில்லை" என்று எழுதிக்கொண்டார். அன்று முழுக்க அவளை வெவ்வேறு இடங்களில் நிறுத்தி மயங்கி விழச் சொன்னார்கள். சாயந்திரம் உண்மையாகவே மயக்கம் வந்தது. அது கணக்கில் சேரவில்லை; பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது.

மறுநாள் அவள் இரண்டு பேர் முன்னாலும் நின்று ஒப்புக்கொண்டாள். "பொய் சார். எனக்கு ஒண்ணுமில்ல. எம்பொண்ணு மாசமா இருக்கா, அவளப் பாக்கணும்னுதான் நடிச்சேன். மன்னிச்சு உட்டுடுங்க."

இப்போது விருத்தாசலம் அவள் கைகளைப் பற்றிக்கொண்டார். "மோசடி! நான் எத்தனை ஆண்டுகளாகச் சொல்கிறேன்! நீங்கள் முக்கிய சாட்சியம்மா. விசாரணை முடியும்வரை உங்களை வெளியே விடுவது உங்களுக்கே ஆபத்து."

"அவர் நம்பட்டும், நான் நம்ப மாட்டேன்" என்றார் தேவநாதன். "நேற்று தலை சுற்றியது, இன்றைக்குச் சுற்றவே இல்லை என்கிறார். ஞாபக மறதி. கதிர்வீச்சு மூளையை எட்டியிருக்கிறது. கண்காணிப்பைக் கூட்ட வேண்டும்."

கூட்டினார்கள். மணமகள் அறைக் கதவில் மஞ்சள் பலகை ஒன்று தொங்கியது. ஒரு பக்கம் 'அணு அபாயம்', மறு பக்கம் 'அபாயம் இல்லை'. அந்தந்த நாளில் யார் தலைமை வகிக்கிறார்களோ அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம். லூர்துமேரி அதன் பிறகு அழுவதை நிறுத்திவிட்டாள். அழுதால் கண்ணீரைச் சீசாவில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ரோஜாவுக்கு வலி எடுத்த செய்தி ஒரு காலை நேரத்தில் வந்தது. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அலெக்ஸ் சொல்லும்போதே போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. வழக்கமாக அவள் போனை அப்பாதுரை தன் காவல் அறையில் சார்ஜ் போட்டுத் தருவான். அன்றைக்குப் பார்த்து அவன் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தான்; காவல் அறை பூட்டியிருந்தது. அவள் வளாகம் முழுக்க ஓடினாள். பிளக் பாயின்ட் என்று எஞ்சியிருந்தது பந்திக் கூடத்தில் ஒன்றே ஒன்று. அதில் டிரம்மின் தடித்த ஒயர் மாட்டியிருந்தது. லூர்துமேரி இரண்டு பக்கமும் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை. அதைப் பிடுங்கிவிட்டுத் தன் சார்ஜரைச் சொருகினாள்.

டிரம்முக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிரசவ அறைக்குள் ரோஜா கத்துவது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றிருந்த அலெக்ஸின் போன் வழியாக இவளுக்குக் கேட்டது. "மாதாவே, மாதாவே" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. பிறகு கத்தல் நின்றது. லூர்துமேரி மறு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்லிசாக ஒரு குரல், பூனைக்குட்டி மாதிரி.

"அத்த! பொம்பளப் புள்ள அத்த! ரோஜா நல்லா இருக்கா!"

லூர்துமேரி அங்கேயே மண்டியிட்டாள். வேறு எதுவும் இல்லாததால் டிரம்மைக் கட்டிக்கொண்டு அழுதாள். டிரம் வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போதுதான் பக்கத்து அறையிலிருந்து தேவநாதன் கத்திக்கொண்டே ஓடிவந்தார். மீட்டரில் உள்ளே போகும் மின்சாரம் பூஜ்யம்! தண்ணீர் இன்னும் சுடுகிறது! வாரியமே கூடிவிட்டது. அவர் நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"நண்பர்களே, வெளியே வருவதை உள்ளே போவதால் வகுக்க வேண்டும். உள்ளே போவது பூஜ்யம். எதையும் பூஜ்யத்தால் வகுத்தால் முடிவிலி! இத்தனை நாளும் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பிச்சைக்காரத்தனமாகப் பேசிக்கொண்டிருந்தோம். பூஜ்யத்தால் வகுக்கும் துணிச்சல் எந்த நாட்டுக்கும் இதுவரை வரவில்லை!"

எல்லோரும் முடிவிலியைக் கொண்டாட வெளியே போனார்கள். விருத்தாசலம் மட்டும் நின்றார். அவர் பார்வை மீட்டரிலிருந்து ஒயருக்கும், ஒயரிலிருந்து தரையில் கிடந்த பிளக்குக்கும், அங்கிருந்து சுவரில் தொங்கிய லூர்துமேரியின் சார்ஜருக்கும் போயிற்று.

"நீதான் பிடுங்கினாயா?"

"ஆமா சார். பேத்தி பொறந்திருக்கா சார்."

"சந்தோஷம்" என்றார். பிறகு குனிந்து, சார்ஜரைக் கழற்றி மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, டிரம்மின் பிளக்கைத் தானே திருப்பி மாட்டினார்.

"சார், நீங்க இத அவங்ககிட்ட சொன்னா எல்லாம் முடிஞ்சிடும் இல்ல? நீங்க ஜெயிச்சுடுவீங்க இல்ல?"

விருத்தாசலம் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஜெயித்து?" என்றார். "இதை மறுக்கிறதுக்குத்தானம்மா எனக்குச் சம்பளம். பொய் என்று நிரூபணமாகிவிட்டால் மறுக்க என்ன இருக்கும்? அடுத்த மாதம் வெளிநாட்டில் மாநாடு இருக்கிறது. 'பூஜ்யத்தால் வகுக்கலாமா?' என்று கட்டுரைத் தலைப்பே இப்போதுதான் மனதில் தோன்றியிருக்கிறது. இதில் நீ பிளக், சார்ஜர் என்று ஆரம்பித்தால் விவாதம் என்ன ஆவது?"

"அப்ப என்ன எப்ப சார் உடுவீங்க?"

"ஒத்த கருத்து வந்ததும்."

"அது எப்ப சார் வரும்?"

"அந்தக் கவலை உனக்கு வேண்டாம். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்."

சொல்லிவிட்டு அவரும் கொண்டாட்டத்துக்குப் போனார். லூர்துமேரி சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் இவர்கள் சண்டை போடுகிறார்கள், ஒருவர் தோற்றால் தனக்கு வழி திறக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் டிரம்முக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பச்சை உடம்பு தேறியதும் ரோஜா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மாவிடம் சொன்னால் அலையாதே என்பாள் என்று சொல்லவில்லை. ஷேர் ஆட்டோவிலிருந்து அலெக்ஸ் முதலில் இறங்கி, துண்டில் சுற்றிய குழந்தையோடு அவளைக் கைப்பிடித்து இறக்குவதை மணமகள் அறை ஜன்னல் வழியாக லூர்துமேரி பார்த்தாள். கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

அவளுக்கு முன்பே கேட்டருகில் தேவநாதன் நின்றிருந்தார். இரண்டு கையையும் விரித்து, "வாம்மா, வா! அம்மாவைப் பார்க்க வந்தாயா? அப்பாதுரை, கேட்டை நன்றாகத் திற!" என்றார். விருத்தாசலமும் அவர் தோளோடு தோள் நின்று, இதுவரை யாரும் பார்த்திராத புன்னகையோடு, "வெயிலில் நிற்காதே அம்மா, குழந்தைக்கு ஆகாது. உள்ளே வா" என்றார். அவர்களுக்குப் பின்னால் ஒரு உதவியாளர் குழந்தைகளை எடை போடுகிற தட்டுத் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். தராசு புதிது. பக்கத்தில் சின்னதாக ஒரு தெர்மாமீட்டர். சின்னதாக ஒரு கைப்பட்டை. அதில் 'இரண்டாம் தலைமுறை' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது.

அப்பாதுரை கேட்டில் கை வைத்தான். திறக்கவில்லை. லூர்துமேரியின் முகத்தைத்தான் பார்த்தான்.

"நில்லுடி!" என்று லூர்துமேரி கத்தினாள்.

ரோஜா சிரித்துக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றாள். "யம்மா! புள்ளயப் பாரும்மா. உன் மூக்கும்மா இவளுக்கு."

"கிட்ட வராத. திரும்பிப் போ."

"இன்னாம்மா... உன்னப் பாக்கத்தான் பச்ச ஒடம்போட பஸ்ஸு மாறி வர்றேன். புள்ளயப் பாக்க வேணாமா உனக்கு?"

"வேணாம்!" லூர்துமேரி கேட்டின் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு யாரையும் பாக்க வேணாம். உன்ன யாருடி வரச் சொன்னது? பேஜாரு புடிச்சவளே, போடி! அலெக்ஸு, இட்டுக்கினு போடா அவள! ஒரு அடி உள்ள வச்சா நான் உங்களுக்குச் செத்தவ!"

"அம்மாவுக்கு மூளை பாதிப்பு. நீ பயப்படாமல் வாம்மா" என்றார் தேவநாதன் கனிவாக.

அலெக்ஸுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தராசையும் பார்த்தான், கேட்டையும் பார்த்தான். அழுதுகொண்டிருந்த ரோஜாவைத் தோளைச் சுற்றி அணைத்து, சாலையைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனான். எதிர்ப்புறம் போனதும் திரும்பி நின்று, குழந்தையை வாங்கி இரண்டு கையிலும் உயர்த்திக் காட்டினான். அந்த நேரம் பார்த்துப் புதுச்சேரி பஸ் ஒன்று குறுக்கே வந்தது. அது போவதற்குள் ஷேர் ஆட்டோவும் வந்து, அவர்களை ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டது. துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாதம், கட்டைவிரல் அளவு, அதை மட்டும்தான் லூர்துமேரி பார்த்தாள்.

அப்பாதுரை மூக்கைச் சிந்திக்கொண்டு காவல் அறைக்குள் போய்விட்டான். தராசை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள்.

சாயந்திரம் வழக்கம்போல லூர்துமேரிக்குச் சூடும் நாடியும் பார்த்தார்கள். உதவியாளர் ஒருமுறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு இயக்குநரை அழைத்தார். அவர் பார்த்துவிட்டுப் பேராசிரியரை அழைத்தார். சூடு ஏறியிருந்தது. நாடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் அவள் குடித்ததோ ஒரு டம்ளர் கேப்பைக் கூழ்.

"உள்ளே போனது கூழ். அதற்கு இவ்வளவு சூடு வராது" என்றார் தேவநாதன், குரல் நடுங்க. "அதிகப்படி வெப்பம். சந்தேகமே இல்லை."

"தெர்மாமீட்டரில் கோளாறு" என்றார் விருத்தாசலம்.

"அப்படியானால் நாடி?"

"எண்ணியவரிடம் கோளாறு."

விவாதம் நீண்டது. கூழில் எத்தனை கலோரி என்று கணக்கிட ஒரு குழு, கணக்கை மறுக்க ஒரு குழு என்று பேச்சு போயிற்று. அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது என்று லூர்துமேரியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது. வாயில் தெர்மாமீட்டர் இருந்தது.